கை, தோள் நோவுக்குக் கைரோபிராக்டிக்கும் கைமுறைச் சிகிச்சையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் தோள் நோவோடு இருப்பவர்களும் அவர்களது வீட்டாரும் வழமையாகக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே தரப்படுகின்றன. நேரில் செய்யப்படும் மருத்துவப் பரிசோதனையின் இடத்தை இவை நிரப்ப மாட்டா. அந்தப் பரிசோதனைக்குப் போகும்போது எதைக் கேட்பது, எதற்கு உடன்படுவது, எதை மறுப்பது என்று முடிவுசெய்ய உதவும்.

கைரோபிராக்டிக் என்பது என்ன?

1895ஆம் ஆண்டு அமெரிக்காவின் அயோவா மாநிலத்திலுள்ள டாவன்போர்ட் நகரில் டி. டி. பாமர் என்பவர் தொடக்கிய சிகிச்சை முறை இது. முள்ளந்தண்டு எலும்புகள் சற்று விலகுவதால் நரம்புகள் தடைபட்டு நோய்கள் உண்டாகின்றன என்றும், அந்த விலகலைக் கையால் சரிசெய்தால் நோய் தீரும் என்றும் அவர் நம்பினார். அவருடைய முதல் நோயாளியாகச் சொல்லப்படுபவர் முதுகு நோவோடு வந்தவரல்லர், காது கேளாதவர் என்பதிலிருந்தே அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் விரிந்திருந்தது என்பது தெரியும். இன்றைய உடற்கூற்றியல் அந்த விளக்கத்தை ஏற்பதில்லை. கைரோபிராக்டர்களிலேயே பலர் அதைக் கைவிட்டு, நாரி, கழுத்து, மூட்டு நோவுகளுக்குக் கையால் செய்யும் சிகிச்சையோடும் உடற்பயிற்சியோடும் நின்றுகொள்கிறார்கள். பழைய நம்பிக்கையிலேயே இருப்பவர்களும் உள்ளனர். ஆகவே, ஒரு கைரோபிராக்டர் எந்த வகையைச் சேர்ந்தவர் என்பதைப் பெயர்ப்பலகையைப் பார்த்து அறிய முடியாது.

கைமுறைச் சிகிச்சை என்றால் அதுவும் இதுதானா?

இல்லை. கையால் மூட்டை அசைத்தல், தசையை அழுத்தி நீவுதல், மூட்டைச் சுற்றியுள்ள இறுகிய உறையை இழுத்து நெகிழ்த்துதல் ஆகிய அனைத்தும் கைமுறைச் சிகிச்சையில் அடங்கும். இயன்மருத்துவர்கள், அதாவது பிசியோதெரபிஸ்ட்கள், இதைத் தமது பயிற்சியின் ஒரு பகுதியாகக் கற்கிறார்கள். அவுஸ்திரேலிய இயன்மருத்துவர் ஜெஃப்ரி மெயிட்லண்ட் வகுத்த முறையில் மூட்டசைவு ஐந்து தரங்களாகப் பிரிக்கப்படுகிறது. முதலிரண்டு தரங்கள் நோவைத் தணிப்பதற்கான, இறுக்கத்தை எட்டாத மெல்லிய அசைவுகள்; மூன்றாவதும் நான்காவதும் இறுக்கத்தின் எல்லைவரை செல்பவை; ஐந்தாவது, மிகக் குறுகிய தூரத்தில் மிக வேகமாகக் கொடுக்கப்படும் ஒரு தள்ளல். கைரோபிராக்டிக் என்றவுடன் மக்கள் மனத்தில் எழும் “மடக்” என்ற சொடுக்கு இந்த ஐந்தாவது தரம்தான். தோள் மூட்டுக்கு அது அரிதாகவே தேவைப்படும்.

இலங்கையில் யாரிடம் போகலாம் என்பதை எப்படி அறிவது?

இங்கே இயன்மருத்துவர்கள் இலங்கை மருத்துவ சபையில் பதிவு பெற்றவர்களாக இருக்க வேண்டும். சித்த, ஆயுர்வேத வைத்தியர்களும் பாரம்பரிய முறிவு நெரிவு வைத்தியர்களும் 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் அமைந்த சபையில் பதிவு பெறுகிறார்கள். ஐக்கிய இராச்சியத்தில் 1994ஆம் ஆண்டின் சட்டத்தின்படி கைரோபிராக்டர்களுக்கென்று ஒரு சபை இருக்கிறது. இங்கு கைரோபிராக்டிக்குக்கென அத்தகைய தனிச் சபை இல்லை. எனவே, கைரோபிராக்டர் என்று ஒருவர் தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டால், எந்த நாட்டில், எந்தப் பல்கலைக்கழகத்தில், எத்தனை வருடம் படித்தார் என்று கேட்பதற்கு நோயாளிக்கு முழு உரிமை உண்டு. சில வாரப் பயிற்சி வகுப்புக்குப் போய் வந்தவருக்கும் நான்கைந்து வருடம் முழுநேரமாகப் படித்தவருக்கும் இடையிலான வேறுபாடு கழுத்தில் கை வைக்கும்போதுதான் வெளிப்படும். அதற்கு முன்னரே கேட்டுவிடுவது நல்லது.

எனக்கு நோவு தோளில்தான் இருக்கிறது. காரணமும் தோளில்தான் இருக்குமா?

பெரும்பாலும் ஆம், ஆனால் எப்போதும் அல்ல. இந்தக் கேள்விக்கு விடை காணாமல் தொடங்கப்படும் சிகிச்சையே அதிகக் காலத்தையும் காசையும் விழுங்குகிறது.

கழுத்திலிருந்து புறப்படும் நரம்பு அழுத்தப்பட்டால் நோவு தோளைக் கடந்து முழங்கைக்குக் கீழே இறங்கும். அதோடு விறைப்போ, ஊசி குத்துவது போன்ற உணர்வோ சேர்ந்து வரும். விறைப்பு எந்த விரலில் என்பதை வைத்தே எந்த நரம்பு என்று ஓரளவு ஊகிக்கலாம்: பெருவிரல் என்றால் ஆறாவது கழுத்து நரம்பு, நடுவிரல் என்றால் ஏழாவது, சின்னவிரல் என்றால் எட்டாவது. கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து மேலே பார்க்கும்போது கையில் மின்னல் போல ஓடினால் சந்தேகம் வலுக்கிறது. இதற்கு மாறாக, தோள் மூட்டைச் சுற்றியுள்ள நான்கு தசைகளை எலும்போடு இணைக்கும் நாண்களில் கோளாறு என்றால் நோவு மேற்கையின் வெளிப்புறத்தில், சட்டைக் கை முடியும் இடம்வரை இருக்கும். முழங்கையைத் தாண்டுவது குறைவு. கையைப் பக்கவாட்டில் தூக்கும்போது இடைநடுவில் பிடிக்கும். இரவில் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் விறைத்து, கையை உதறினால் சுகம் கிடைக்கிறதென்றால் மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படுவதைத்தான் முதலில் நினைக்க வேண்டும். அப்படிப்பட்டவருக்குத் தோளை எவ்வளவு நீவினாலும் பயனில்லை.

தோளோடு எந்தத் தொடர்பும் இல்லாத உறுப்புகளும் தோளில் நோவைக் காட்டும். பித்தப்பைக் கோளாறு வலத் தோள் நுனியில் வரலாம். கருப்பைக்கு வெளியே கருத்தரித்து உள்ளே குருதி கசிந்தாலும் தோள் நுனி நோகும். புகைப்பழக்கம் உள்ளவரின் நுரையீரல் உச்சியில் வளரும் புற்றுநோய், மாதக்கணக்கில் தோள் நோவாகவே நடமாடியிருக்கும். இவை அரிதானவை, ஆனால் இவற்றை நினைத்துப் பார்க்கத் தெரியாதவரிடம் தோளைக் கொடுப்பது சரியல்ல.

எப்போது இவற்றையெல்லாம் விட்டு உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்?

இடக் கையிலோ இரு கைகளிலுமோ நோவு பரவி, நெஞ்சில் இறுக்கம், வியர்வை, மூச்சு வாங்குதல், தாடை உளைவு, வாந்தி வரும் போன்ற உணர்வு ஆகியவற்றில் ஏதாவது சேர்ந்தால், 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்துச் சுவசெரிய அம்பியூலன்ஸைக் கூப்பிட வேண்டும்; சேவை இலவசம். சலரோகம் உள்ளவர்களுக்கு மாரடைப்பு நெஞ்சு நோவே இல்லாமலும் வரலாம் என்பதால், நடக்கும்போது கூடி, இருக்கும்போது குறையும் கை உளைவை அவர்கள் தசைப்பிடிப்பு என்று தள்ளிவிடக் கூடாது. எண்ணெய் பூசிக்கொண்டு காலைவரை காத்திருப்பதுதான் இங்கே நடக்கும் மிகப் பெரிய தவறு.

விழுந்த பின் கை தூக்க முடியாமல் போனாலும், தோளின் வடிவம் மாறித் தெரிந்தாலும், காய்ச்சலோடு மூட்டு சுட்டு வீங்கினாலும், கை நாளுக்கு நாள் பெலன் குறைந்துகொண்டே போனாலும், நடையில் தடுமாற்றமோ சிறுநீர் கட்டுப்பாட்டில் மாற்றமோ ஏற்பட்டாலும், காரணமின்றி உடல் மெலிந்தாலும் அதே விதிதான். முதலில் வைத்தியர், பிறகுதான் மற்ற எல்லாம்.

தோள் இறுகிப்போய்விட்டது என்கிறார்கள். அது என்ன நோய்? சலரோகத்தோடு அதற்குத் தொடர்பு உண்டா?

உண்டு, இந்தப் பக்கத்தில் மிக விரிவாகச் சொல்ல வேண்டியதும் இதுவே. தோள் மூட்டைச் சுற்றி மெல்லிய உறை ஒன்று இருக்கிறது. அது அழற்சியடைந்து, தடித்து, சுருங்கிவிடுவதே தோள் இறுக்கம். சித்த மருத்துவத்தில் கும்பவாதம் என்று சொல்லப்படுவது பெரும்பாலும் இதனோடு ஒத்துப்போகிறது. நாற்பது வயதுக்கும் அறுபது வயதுக்கும் இடையில் அதிகம் வரும். பெண்களுக்குச் சற்றுக் கூடுதலாக வரும். பொதுமக்களில் 2 முதல் 5 வீதமானவர்களுக்கு வரும் என்று மருத்துவ நூல்கள் சொல்லும் இந்நோய், சலரோகம் உள்ளவர்களில் 10 வீதத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு வருகிறது; அவர்களுக்கு இரண்டு தோள்களிலும் வருவதும், மெதுவாகவே விடுவதும் வழக்கம். தைரொயிட் கோளாறு உள்ளவர்களுக்கும் வாய்ப்பு அதிகம். ஆகவே, காரணமின்றித் தோள் இறுகிய ஒருவருக்குச் சீனி அளவு இதுவரை பார்க்கப்படவில்லை என்றால், முதல் வேலை அதைப் பார்ப்பதே.

நோய் மூன்று கட்டங்களாகப் போகும். முதற்கட்டத்தில் நோவு கூடிக்கொண்டே வரும். இரவில் நித்திரை இல்லை. இரண்டாம் கட்டத்தில் நோவு தணிந்தாலும் கை அசையாது: தலை பின்ன ஏலாது, சட்டையின் பின்பக்கக் கொக்கி எட்டாது, தொழுகையில் கையைக் காதுவரை உயர்த்த முடியாது. மூன்றாம் கட்டத்தில் அசைவு மெல்லத் திரும்பும். மொத்தமாக ஒரு வருடம் முதல் மூன்று வருடம்வரை எடுக்கலாம்.

வீட்டிலேயே ஒரு சிறு பரிசோதனை செய்து பார்க்கலாம். முழங்கையை விலாவோடு ஒட்டி, செங்கோணமாக மடித்து, கைப்பெருவிரல் மேலே பார்த்திருக்க, முன்கையைக் கதவு திறப்பதைப் போல வெளிப்புறமாகத் திருப்ப வேண்டும். பிறகு அதே அசைவை வேறொருவர் உங்கள் கையைப் பிடித்து மெதுவாகச் செய்து பார்க்க வேண்டும். நீங்கள் திருப்பினாலும் திரும்பவில்லை, மற்றவர் திருப்பினாலும் அதே இடத்தில் தடுத்து நிற்கிறது, மறு கை இலகுவாகத் திரும்புகிறது என்றால் உறை இறுகியிருப்பதற்கான வாய்ப்பு அதிகம். நீங்கள் செய்யும்போது முடியாமல், மற்றவர் செய்யும்போது மட்டும் திரும்பினால் கோளாறு தசையிலோ நாணிலோ நரம்பிலோ இருக்கலாம். முதியவர்களின் மூட்டுத் தேய்வும் பின்பக்கமாக விலகிய மூட்டும் முதல் வகையைப் போலவே காட்டும் என்பதால், எக்ஸ்ரே ஒன்று எடுத்து அவற்றை விலக்கிக்கொள்வார்கள்.

அப்படியானால் இறுகிய தோளைப் பலமாக இழுத்து விடுவித்தால் என்ன?

நோவு உச்சத்தில் இருக்கும் முதற்கட்டத்தில் பலமாக இழுப்பது அழற்சியைக் கிளறி, நித்திரையை மேலும் கெடுக்கும். அந்தக் கட்டத்தில் தேவைப்படுவது நோவைத் தணிக்கும் மருந்து, வைத்தியர் தகுதியென்று கண்டால் மூட்டுக்குள் ஒரு ஸ்டீரொயிட் ஊசி, நோகாத எல்லைக்குள் மெல்லிய அசைவு ஆகியவையே. இறுக்கம் மேலோங்கிய பிறகுதான் எல்லைவரை நெகிழ்த்தும் கைமுறைச் சிகிச்சைக்கு வேலை வருகிறது. ஒரே நோய்க்கு ஒரே ஆளிடம் சென்று ஒருவர் சுகம் கண்டு மற்றவர் மோசமாவது ஏன் என்று கேட்பவர்கள், இரண்டு பேரும் எந்தக் கட்டத்தில் போனார்கள் என்று பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

இயன்மருத்துவர் உண்மையில் என்ன செய்வார்?

கட்டிலில் மல்லாந்து படுக்கச் சொல்வார். ஒரு கையால் உங்கள் முழங்கையைத் தாங்கி, உங்கள் கையின் முழுப் பாரத்தையும் தம்மிடம் எடுத்துக்கொள்வார். தசைகள் தளரும்வரை எதுவும் செய்ய மாட்டார். மறு கையின் அடிப்பாகத்தை மேற்கை எலும்பின் தலைக்கு மேல், தோளுக்குச் சற்றுக் கீழே வைத்து, அந்த எலும்புத் தலையை அது பொருந்தியிருக்கும் மூட்டுக் கிண்ணத்துக்குள் பின்னோக்கியோ கீழ்நோக்கியோ சில மில்லிமீற்றர் மட்டும் சறுக்குவார்; மீண்டும் விடுவார். இப்படி அரை நிமிடமளவில், ஒரு சீரான ஓட்டத்தில் அசைத்துவிட்டு, முன்பு தடுத்த அசைவை மறுபடி அளந்து பார்ப்பார். பார்ப்பவருக்கு எதுவுமே நடக்காதது போல இருக்கும். அளந்து, செய்து, மறுபடி அளக்கும் இந்த ஒழுங்குதான் நல்ல சிகிச்சையாளரின் அடையாளம். சத்தமும் வேகமும் அல்ல.

அதன் பிறகு உடற்பயிற்சி. கிடைத்த சில பாகை அசைவை அன்றே பயன்படுத்தாவிட்டால் அது நிலைக்காது.

“மடக்” என்ற சத்தம் எலும்பு தன் இடத்தில் விழும் சத்தம்தானே?

அல்ல. மூட்டுக்குள் இருக்கும் வழுவழுப்பான திரவத்தில், இரண்டு பரப்புகளும் திடீரெனப் பிரியும்போது வாயுக்குழி ஒன்று தோன்றுகிறது. சத்தம் அதோடு தொடர்புடையது. விரல் மூட்டைச் சொடுக்கும்போது நடப்பதை எம்.ஆர்.ஐ. படமாகவே 2015ஆம் ஆண்டு கனடாவின் அல்பேர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். சத்தம் வராத சிகிச்சை பலிக்கவில்லை என்றோ, வந்ததால் பலித்துவிட்டது என்றோ கொள்ள இடமில்லை. உண்மையிலேயே மூட்டு விலகியிருந்தால் அதை எக்ஸ்ரே எடுத்து, நோவு தணிக்கும் மருந்து கொடுத்து, வைத்தியசாலையில்தான் பொருத்த வேண்டும்.

கை நோவுக்குக் கழுத்தைத் திருப்பிச் சொடுக்குவது பாதுகாப்பானதா?

கழுத்து எலும்புகளுக்குள்ளே மூளைக்குக் குருதி கொண்டுசெல்லும் நாடிகள் இரண்டு மேலேறுகின்றன. கழுத்தை வேகமாகத் திருப்பிய பிறகு அந்த நாடியின் உட்சுவர் கிழிந்து பாரிசவாதம் ஏற்பட்ட சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. இது மிக அரிது. சிலருக்கு நாடி ஏற்கெனவே கிழியத் தொடங்கியிருந்து, அதனால் வந்த கழுத்து நோவுக்கே அவர்கள் சிகிச்சைக்குப் போயிருக்கவும் கூடும் என்பதால், எது காரணம் எது விளைவு என்பதில் விவாதம் தொடர்கிறது. ஆனால் என் கருத்து தெளிவானது: தோளிலோ முழங்கையிலோ உள்ள கோளாறுக்குக் கழுத்தை வேகமாகத் திருப்ப வேண்டிய தேவை இல்லை, கழுத்து நரம்பு அழுத்தப்பட்டவருக்கோ, கையில் பெலன் குறைந்தவருக்கோ அதைச் செய்யவே கூடாது. நன்மை சிறியதாகவும் வேறு வழிகள் இருப்பதாகவும் உள்ள இடத்தில் அரிய ஆபத்தையும் விலைக்கு வாங்குவானேன்? மெதுவான அசைவுகளும், கழுத்துத் தசைகளுக்கான பயிற்சியும் போதும். கழுத்திலிருந்து கைக்கு இறங்கும் நோவு பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் அல்லது சில மாதங்களில் தானாகவே தணிந்துவிடுகிறது.

சிகிச்சைக்குப் பிறகு இதுவரை அனுபவித்திராத கழுத்து நோவு அல்லது தலையிடி, தலைசுற்று, பார்வை இரட்டையாகத் தெரிதல், பேச்சுக் குழறல், முகம் கோணுதல் ஆகியவற்றில் எது வந்தாலும் அதே நேரத்தில் வைத்தியசாலை.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

ஆரவாரமாக எதையும் சொல்லவில்லை. 2016ஆம் ஆண்டில், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் கொக்ரேன் நிறுவனம், தோள் தசைநாண் கோளாறுக்கான கைமுறைச் சிகிச்சை, உடற்பயிற்சி பற்றிய 60 பரிசோதனைகளைத் திரட்டிப் பார்த்தது. தரம் உயர்ந்த சான்று மிகக் குறைவாகவே இருந்தது. ஒப்பீட்டுக்காக, சிகிச்சை போலத் தோன்றுமாறு மட்டும் செய்யப்படும் போலிச் சிகிச்சையோடு ஒழுங்காக ஒப்பிட்ட ஒரேயொரு நல்ல பரிசோதனையில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. 2020இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான பிரித்தானிய ஆய்வொன்று, தோள் இறுகிய 503 பேரை மூன்றாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு ஸ்டீரொயிட் ஊசியோடு கூடிய இயன்மருத்துவமும், மற்றொரு பகுதியினருக்கு மயக்கமருந்து கொடுத்துத் தோளை அசைத்து விடுவிப்பதும், மூன்றாம் பகுதியினருக்குத் துளைவழிச் சத்திரசிகிச்சையும் செய்தது. ஒரு வருட முடிவில் மூன்று பகுதியினரும் நன்கு தேறியிருந்தார்கள். எதுவும் மற்றதைவிடக் குறிப்பிடத்தக்க அளவில் மேலாக இல்லை. மறு வருடம் அதே இதழில் 708 பேரைக் கொண்ட இன்னோர் ஆய்வு வந்தது: தோள் தசைநாண் நோவுக்கு இயன்மருத்துவர் ஒருமுறை ஆறுதலாக இருந்து ஆலோசனை சொல்லி, வீட்டில் செய்யும் பயிற்சியைக் காட்டிக்கொடுப்பதும், பல தடவைகள் அழைத்துப் பயிற்சி கொடுப்பதும் ஒரே பயனையே தந்தன.

இந்தக் கடைசி முடிவு, பொத்துவிலிலிருந்தோ வாகரையிலிருந்தோ பஸ் ஏறி, அரை நாள் கூலியை இழந்து நகரத்துக்கு வருபவருக்கு மிகவும் சாதகமான செய்தி. ஒழுங்காகக் கற்றுக்கொண்டு வீட்டில் செய்பவர், வாராவாரம் வந்து கட்டிலில் படுப்பவரைவிடக் குறைவாக எதையும் இழப்பதில்லை. கைமுறைச் சிகிச்சை தரும் சுகம் பெரும்பாலும் குறுங்காலத்துக்குரியது. அந்தச் சுகம் இருக்கும் நேரத்தில் பயிற்சியைச் செய்ய முடிகிறது என்பதே அதன் முதன்மையான பயன். கைரோபிராக்டருக்கும் இதே அளவுகோல்தான். அவர் மூட்டை அசைத்துப் பயிற்சியும் கற்பித்தால் செய்வது ஏறக்குறைய இயன்மருத்துவமே. முள்ளந்தண்டைச் சரிசெய்தால் தோள் தானாகச் சரியாகும் என்றால் அதற்குச் சான்று இல்லை.

எங்கள் ஊர்ப் பரியாரியாரிடம் எண்ணெய் போட்டு நீவினால் என்ன?

நாட்பட்ட தசைப்பிடிப்புக்கும் வேலைக் களைப்பால் வரும் உளைவுக்கும் நீவுதல் சுகம் தரும். அதை மறுப்பதற்கு ஒன்றுமில்லை. சித்த மருத்துவத்தில் தொக்கணம் என்ற பெயரில் தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல் என ஒன்பது வகை சொல்லப்பட்டிருப்பது கைமுறைச் சிகிச்சை நமக்குப் புதிதல்ல என்பதற்குச் சான்று. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் பட்டப்படிப்பாகவே கற்பிக்கப்படுகிறது. மாகாண சுதேச மருத்துவத் திணைக்களத்தின் வைத்தியசாலைகளில் பட்டதாரி வைத்தியர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் விழுந்து அடிபட்ட தோளை எக்ஸ்ரே எடுக்காமல் நீவக் கூடாது. சலரோகத்தால் தோலின் உணர்வு குறைந்தவருக்குக் கொதிக்கும் ஒத்தணம் கொடுத்தால், சூடு தெரியாமலே தோல் வெந்துவிடும். அந்தப் புண் தோள் நோவைவிடப் பெரிய வருத்தமாக முடியும். இறுகக் கட்டி வாரக்கணக்கில் தோளை அசைக்காமல் வைப்பதும், முறிவு இல்லாத இடத்தில், தோள் இறுக்கத்தைத் தேடி அழைப்பதற்குச் சமம்.

யாருக்கு வேகமான கைமுறைச் சிகிச்சை வேண்டாம்?

எலும்பின் அடர்த்தி குறைந்த முதியவர்கள், நெடுங்காலம் ஸ்டீரொயிட் குளிசை எடுத்தவர்கள், வார்ஃபரின் போன்ற குருதி உறைதலைத் தடுக்கும் மருந்து பாவிப்பவர்கள், புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர்கள், வாதமூட்டழற்சியால் கழுத்து பாதிக்கப்பட்டவர்கள் ஆகியோருக்கு வேகமான தள்ளல் கூடாது. மெல்லிய அசைவுகளை அவர்களுடைய வைத்தியரைக் கேட்டுச் செய்யலாம். கிளினிக் கொப்பியைக் காட்டாமல் கட்டிலில் ஏறக் கூடாது.

பாரிசவாதம் வந்த என் தந்தையின் தோள் நோகிறது. கையைப் பிடித்து இழுத்துப் பயிற்சி கொடுக்கலாமா?

இழுக்கக் கூடாது. தோள் மூட்டின் கிண்ணம் மிகவும் ஆழமற்றது. மேற்கை எலும்பைத் தாங்கி வைத்திருப்பவை தசைகளே. அந்தத் தசைகள் செயலிழந்தால் கையின் பாரத்தாலேயே எலும்பு கீழே தொங்கத் தொடங்கும். அப்படிப்பட்டவரைக் கட்டிலிலிருந்து எழுப்பும்போது பிள்ளைகள் பாசத்தோடு கையைப் பிடித்து இழுப்பதும், அக்குளுக்குள் கைவிட்டுத் தூக்குவதும் மூட்டைக் கிழிக்கின்றன. எழுப்பும்போது தோட்பட்டை எலும்புக்குப் பின்னாலும் இடுப்பிலும் கை கொடுங்கள். இருக்கும்போது முன்கைக்குக் கீழே தலையணை வையுங்கள். செயலற்ற கையைத் தலைக்கு மேல் உயர்த்தும் பயிற்சியை, தோட்பட்டை எலும்பும் கூடவே நகரும்படி எப்படிச் செய்வது என்று இயன்மருத்துவர் காட்டித் தந்த பிறகே செய்ய வேண்டும். கப்பி மாட்டிக் கயிற்றால் இழுக்கும் பயிற்சி இவர்களுக்கு ஆகாது.

வேலைதான் காரணம் என்றால் வேலையை விட முடியுமா?

முடியாது, ஆனால் வேலை செய்யும் விதத்தில் சிலவற்றை மாற்றலாம். நெல்வயலுக்கு மருந்து தெளிக்கும் பதினாறு லீற்றர்த் தாங்கி நிரம்பினால் பதினாறு கிலோவுக்கு மேல் பாரம். அதைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒரு கையால் நெம்பை ஏற்றி இறக்குவது பெரும்போகத்தில் நாள்முழுதும் நடக்கிறது. தாங்கியை அரைவாசி நிரப்பினால் நடை கூடும், தோள் பிழைக்கும். மருதமுனையில் தறி நெய்பவர் நாடாவை ஓட்டும் கயிற்றை ஒரே கையால் ஆயிரக்கணக்கான தடவைகள் இழுக்கிறார். கயிற்றின் பிடி தோள் மட்டத்துக்குக் கீழே இருக்குமாறு நீளத்தை மாற்றிக்கொள்வது பெரிய உதவி. வாவியில் வீச்சு வலை எறிபவர், நோவு தணிந்தவுடன் முழுப் பாரத்தோடு தொடங்காமல், சில நாட்களுக்குக் குறைந்த தடவைகள் எறிந்து மெல்லக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். திருவலையில் தேங்காய் திருவுபவரும் தையல் இயந்திரத்தில் இருப்பவரும் இடையிடையே எழுந்து தோளைப் பின்னோக்கிச் சுழற்றுவதே போதுமான தொடக்கம். முழு ஓய்வு பெரும்பாலானவர்களுக்கு நன்மை செய்வதில்லை.

ஸ்டீரொயிட் ஊசி போட்டால் நல்லதா?

தோளுக்கு, குறிப்பாக இறுக்கத்தின் முதற்கட்டத்தில், சில வாரங்களுக்கு நல்ல சுகம் தரும். சலரோகம் உள்ளவர்களுக்கு ஊசிக்குப் பின் சில நாட்கள் சீனி அளவு ஏறும் என்பதால் அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும். முழங்கையின் வெளிப்புற நோவுக்கு இதே ஊசி முதலில் சுகம் தந்து, ஒரு வருடக் கணக்கில் பார்க்கும்போது ஊசி போடாதவர்களைவிட மோசமான நிலையில் விட்டுவிடுகிறது. அங்கே அவசரப்பட வேண்டாம்.

எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்துவிட்டால் சந்தேகம் தீர்ந்துவிடும் அல்லவா?

அறுபது வயதைக் கடந்தவர்களில் எந்த நோவும் இல்லாத பலரின் தோளிலும் தசைநாண் கிழிவு தெரியும். அறிக்கையைக் கையில் வாங்கியவுடன் கிழிவுதான் காரணம் என்று பயந்து கையை அசைக்காமல் விடுபவர்கள் உண்டு. சத்திரசிகிச்சையைப் பற்றி யோசிக்கும்போது, அல்லது விழுந்த பின் கை திடீரெனத் தூக்க முடியாமல் போனபோது ஸ்கான் தேவை. மற்றபடி கையால் செய்யும் பரிசோதனையே முதலில் வரும்.

எத்தனை தடவைகள் போக வேண்டும்? எப்போது நிறுத்துவது?

நான்கு முதல் ஆறு தடவைகளுக்குள் நோவிலோ அசைவிலோ அளந்து காட்டக்கூடிய மாற்றம் இல்லையென்றால், அதே சிகிச்சையைத் தொடர்வதில் அர்த்தமில்லை. நோயை மீண்டும் முதலிலிருந்து பார்க்க வேண்டும். முதல் நாளிலேயே இருபது, முப்பது தடவைகளுக்கான பணத்தை மொத்தமாகக் கட்டச் சொல்லும் இடத்தைவிட்டு வெளியே வந்துவிடுவது நல்லது. சிகிச்சைக்குப் பின் ஓரிரு நாள் சற்று உளைவது சாதாரணம். அதற்கு மேல் நீடித்தால் அடுத்த முறை அதைச் சொல்லி வேகத்தைக் குறைக்கச் சொல்லுங்கள்.

இரவில் எப்படிப் படுப்பது?

நோகும் பக்கம் மேலே இருக்கச் சாய்ந்து படுத்து, நெஞ்சுக்கு முன்னால் ஒரு தலையணையை வைத்து அதன்மேல் கையைப் போடவும். மல்லாந்து படுப்பவர் முழங்கைக்குக் கீழே மடித்த சாரம் ஒன்றை வைத்தால் தோள் பின்னே விழாது.

வீட்டில் செய்யக்கூடிய பயிற்சி எது?

நோவு கூடிய காலத்தில், நல்ல கையை மேசையில் ஊன்றிக் குனிந்து, நோகும் கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு, உடலை ஆட்டுவதன் மூலம் கையைச் சிறு வட்டமாக ஆடவிடுங்கள். இறுக்கம் மட்டும் எஞ்சியபோது, மல்லாந்து படுத்து, இரு கைகளாலும் ஒரு தடியைப் பிடித்து, நல்ல கையால் தள்ளி மற்றக் கையை வெளிப்புறமாகத் திருப்புங்கள். முழங்கை விலாவை விட்டு விலகக் கூடாது. சுவரில் விரல்களால் ஏறுவது மூன்றாவது. ஒரு நாளில் ஒருமுறை நீண்ட நேரம் செய்வதைவிட, இரண்டு மூன்று தடவைகள் சில நிமிடங்கள் செய்வது நல்லது. பயிற்சி முடிந்து அரை மணி நேரத்துக்குள் நோவு பழைய நிலைக்கு வந்துவிட்டால் அளவு சரி.

அரச வைத்தியசாலையில் இதைப் பெற என்ன செய்ய வேண்டும்?

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை, அம்பாறை பொது வைத்தியசாலை, கல்முனையிலுள்ள இரண்டு ஆதார வைத்தியசாலைகள் ஆகியவற்றில் இயன்மருத்துவப் பிரிவுகள் உள்ளன, கட்டணம் இல்லை. வெளிநோயாளர் பிரிவிலோ கிளினிக்கிலோ வைத்தியரைக் கண்டு, அவர் எழுதித் தரும் துண்டோடு அங்கே போக வேண்டும். கிளினிக் கொப்பி, பாவிக்கும் குளிசைகள், பழைய எக்ஸ்ரே, அண்மைய சீனிப் பரிசோதனை முடிவு ஆகியவற்றைக் கொண்டு செல்லுங்கள். தோளைத் திறந்து பார்க்க வேண்டியிருக்கும் என்பதால் தளர்வான கையுள்ள சட்டை வசதி. பெண்கள், தம்மைப் பார்ப்பது பெண் சிகிச்சையாளராக இருக்க வேண்டும் என்றோ, உடன் வந்தவர் அறைக்குள் நிற்க வேண்டும் என்றோ பதியும்போதே கேட்கலாம்.